வன்சொல்லும் இன்னிசையும்

இலண்டன் மாநகரின் கீழ்த்திசையில் நியூஹாம் என்னும் பகுதியைச் சேர்ந்த பாரஸ்ட் கேட் என்றொரு பேட்டையுண்டு. அங்கே வளர்ந்த பென் ட்ரூ என்னும் இளைஞர் ‘பிளான் பி’ என்னும் புனைபெயர் பூண்டு ராப் பாடகராக வெளிப்பட்டவர். 1983ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 2006இல் தம் முதல் இசைத்தொகுப்பையும், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 12ஆம் நாள் தம் இரண்டாம் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். இவ்விரண்டாவதைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். ‘தி டிஃபமேஷன் ஆஃப் ஸ்டிரிக்லண்ட் பாங்க்ஸ்’ என்பது அதன் பெயர். ஸ்டிரிக்லண்ட் பாங்க்ஸ் என்பவன்மீது சுமத்தப்பட்ட அவதூறு எனத் தமிழிற் கூறலாம்.

தமிழ்ப் பகுதியில் இதற்கென்ன இடம் என்று கேட்பாருமுளர். மேனாட்டாரின் மில்டனைப் பற்றியும் ஷேக்ஸ்பியரைப் பற்றியும் இப்பக்கங்களில் எழுதுதல் தகுமாயின், அவர்தம் இன்றைய பாட்டைப் பற்றி எழுதுதல் மட்டும் தகாதென்பது எக்காரணம் பற்றியோ யாம் அறியோம். அன்றியும், இத்தொகுப்பைக் கேட்டதினின்று எம் உள்ளத்தில் ஒரு வினா தங்கிவிட்டது. உலகம் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியவன், அதனை வன்சொல்லாற் சொல்லிப் புறக்கணிக்கப்படுவதா, இன்னிசையாற் சொல்லி வரவேற்கப்படுவதா? வரவேற்கப்பட்டபின் அவன் சொன்னது சொன்னதாகவே நிற்குமா? இவ்வினா எந்நாட்டார்க்கும் உரியது.

ராப் என்பதனை அறியாதார்க்கு ஒரு சொல். 1970களில் அமெரிக்காவிலே, நியூயார்க்கு நகரின் பிராங்ஸ் பகுதியிற் கறுப்பின இளைஞரிடையே கிளைத்த கலை இது. தாளத்திற்கேற்பச் சொல்லை அடுக்கி, ஒலியியைபு நெருங்கிவரப் பேசுவதே இதன் இயல்பு. தாளம் உண்டு, இராகம் இல்லை. முத்தமிழென்று நாள்தோறும் வகுப்பிற் கேட்கும் எமக்கு, இஃது இயலுக்கும் இசைக்கும் இடையேயுள்ள வாயிற்படியில் நிற்பதாகத் தோன்றுகிறது. பாடுவோன் ஓர் உயிரெழுத்தை நீட்டி அதன்மேல் நிற்கிறான். ராப் சொல்வோனோ மெய்யெழுத்துக்களின்மேல் ஓடுகிறான். ஆதலின் ஒரே கால அளவிற் பாட்டு ஏற்கும் சொற்களைவிடப் பன்மடங்கு சொற்களை ராப் ஏற்கும். கதை சொல்லுதற்கும், வழக்குரைத்தற்கும், வைதற்கும் அது மிகவும் ஏற்றது. அழுதற்கு அவ்வளவாக ஏற்றதன்று என்பது எம் கருத்து. இவ்வேறுபாட்டைப் பின்னர் எடுத்தாளப் போகிறோமாதலின் வாசகர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

பிளான் பியின் முதற்றொகுப்பு வன்சொல்லே உருவானது. ஒரு கித்தாரைத் தாமே மீட்டிக்கொண்டு, தம் பேட்டையில் நிகழும் கத்திக்குத்தையும், போதைமருந்து வாணிகத்தையும், சிறுவர் கெட்டழிதலையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். கெட்டவன் வாயினின்று வருமாறே சொற்களும் வந்தன; அவற்றை இப்பக்கங்களிற் பெயர்த்தெழுதுதல் இயலாது. அறிந்தோர் புகழ்ந்தனர், கடைகளில் விற்பனை பெருகவில்லை. யாம் அதனை ஒருமுறை முழுதும் கேட்டோம். கேட்ட இரவு பாடத்தில் மனம் செல்லவில்லை. அடுத்த நாள் மீண்டும் கேட்க வேண்டுமென்ற ஆசையும் எழவில்லை. அது தீயதென்பதனால் அன்று. ஒருவர் எம் சட்டையைப் பற்றி இழுத்து முகத்தெதிரே நின்று உரக்கப் பேசுவது போல இருந்தமையால். அவர் கருதியதும் அதுவே போலும்.

இங்ஙனம் தொடங்கியவர் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்க் கருமையான நேர்த்தியான கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, பழைய அமெரிக்கக் காதற்பாடகரைப் போல மேடையேறினார். கேட்டவர் திகைத்தனர். நாட்டிலே வேறு ராப் பாடகரும் அக்காலத்தில் வழிமாறிக் கொண்டிருந்தனர் என்பது உண்மையே. 2003இல் தம் கடுமையான முதற்றொகுப்பிற்காக மெர்க்குரிப் பரிசு பெற்ற டிஸ்ஸி ராஸ்கல், 2008இலும் 2009இலும் நடனக்கூடத்திற்கேற்ற பாட்டுகளால் விற்பனை வரிசையின் முதலிடத்தைப் பிடித்தார். 2010இல் டைனி டெம்பாவும் அவ்வாறே பிடித்தார். ஆயின் இவர்களெல்லாம் முன்னோக்கிச் சென்று புதுமையான மின்னிசையைப் பற்றினர். பிளான் பி ஒருவரே பின்னோக்கிச் சென்றார். 1959இல் டெட்ராய்ட் நகரிலே பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகள் 1960களில் எவ்வாறு ஒலித்தனவோ அவ்வாறு ஒலிக்குமாறு தம் தொகுப்பை அமைத்தார். பறையொலி உலர்ந்து நிற்க, நரம்புக்கருவிகளும் ஊதுகருவிகளும் சூழ்ந்துவர, அவற்றின்மேல் அவர் குரல் மெல்லியதாய் மிக உயர்ந்து செல்லும். அவ்விசையை ஆங்கிலேயர் ஸோல் என்பர். ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள்.

ஆங்கிலேயர்க்கு அவ்விசையின்மேல் நெடுநாட் காதல் உண்டு. அமெரிக்காவில் மறக்கப்பட்ட ஸோல் தட்டுகளைத் தேடி வாங்கி இரவெல்லாம் ஆடுவதற்கென்றே வட இங்கிலாந்திற் கூடங்கள் இருந்தன. 2006இல் ஏமி வைன்ஹவுஸ் என்னும் மங்கை தம் இரண்டாம் தொகுப்பில் அதே பழைய ஓசையைப் புதுப்பித்துப் பெரும்புகழ் அடைந்திருந்தார். எனவே, பிளான் பி விற்பனையை நோக்கியே இவ்வழியிற் சென்றார் என்று குற்றங் கூறுவார்க்கு இடமில்லாமற் போகவில்லை. தொகுப்பு வெளிவந்த வாரத்திலேயே பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டில், அதாவது 2011இல், நாட்டின் சிறந்த ஆண்பாடகர்க்குரிய பிரிட் விருதும், பாட்டியற்றுவோர்க்குரிய ஐவர் நொவெல்லோ விருதுகள் மூன்றும் அவர்க்குக் கிடைத்தன.

அவர் பாடிய அந்த உச்சக்குரலுக்கு ஃபால்செட்டோ என்று பெயர். இத்தாலிய மொழியிற் பொய் என்னும் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது அது. நம் நாட்டு வித்துவான்களும் அதனைக் கள்ளக்குரலென்றே இகழ்வர். ஆலயப் பாடகர் குழுவிற் கீழ்க்குரல் பாடும் எமக்கு அக்குரலின்மேற் சிறிது பொறாமையுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நிற்க. கதைக்கு வருவோம். இத்தொகுப்பிலுள்ள பதின்மூன்று பாட்டுகளும் உதிரிப் பூக்கள் அல்ல. ஒரே நூலில் தொடுக்கப்பட்டவை. ஸ்டிரிக்லண்ட் பாங்க்ஸ் என்பான் ஒரு கற்பனைப் பாத்திரம். காதற்பாட்டுப் பாடிப் புகழடைந்த பிரித்தானியப் பாடகன். முதற்பாட்டே அவன் மேடையிற் பாடும் காதற்பாட்டுத்தான். முதன்முறை கேட்பார் அதனை வெறும் காதற்பாட்டென்றே கொள்வர், யாமும் கொண்டோம். பின்னர் அவன் இல்வாழ்க்கை நைந்து போகிறது. ஓரிரவு களியாட்டத்தில் நேரங்கடந்து தங்குகிறான். அவன்பாற் பித்துக்கொண்ட ஒரு பெண் வருகிறாள். நான்காம் பாட்டில் அவள் தன் காதலுக்குக் காரணங் கூறுங்கால், அந்த முதற்பாட்டையே பெயர்சொல்லிக் குறிக்கிறாள்! யாம் மகிழ்ந்து கேட்ட பாட்டே அவன் கேட்டிற்கு வித்தாயிற்று என்று அப்போதுதான் தெரிகிறது. அவன் அவளை மறுத்து அனுப்புகிறான். அவள் அவன்மீது கொடியதொரு பழியைச் சுமத்துகிறாள். வழக்கு நடக்கிறது. அவன் செய்யாத குற்றத்திற்குச் சிறை செல்கிறான். ஐந்தாம் பாட்டின் தலைப்பு, நரகத்திற்கு நல்வரவு என்னும் பொருளுடையது.

மேற்கூறிய நான்காம் பாட்டு ‘ஷி செட்’ என்பது. விற்பனை வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறி நாடெங்கும் ஒலித்தது. இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாட்டின் பெரும்பகுதி இன்னிசையாகச் செல்கிறது. நடுவில், மறுப்பும் பழியும் வழக்குமாகக் கதை விரைகின்ற இடத்தில், ஜூரிகள் முன்னிலையிற் சாட்சிக்கூண்டில் நின்று அவன் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்குகிறான். அவ்விடத்தில் இன்னிசை விலகுகிறது, ராப் நுழைகிறது. முன்னே யாம் சொன்ன வேறுபாடு இங்கே பயன்படுகிறது. நியாயாதிபதியின் முன் நிற்பவனுக்கு உயிரெழுத்தை நீட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. போலீசாரிடம் சொன்னதை, வழக்கறிஞரிடம் சொன்னதை, மறுபடியும் சொன்னபடியே சொல்லவேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தாலும் பொய்யனாவான். எனவே அவன் மெய்யெழுத்துக்களின்மேல் ஓடுகிறான். இன்னிசைக்காகப் பிளான் பி ராப்பைத் துறந்துவிட்டார் என்று கூறியவர் இவ்விடத்தைக் காதுகொடுத்துக் கேட்டிலர் என்றே யாம் எண்ணுகிறோம். துறக்கவில்லை; உயிருக்குப் போராடும் இடத்திற்கென்று எடுத்து வைத்தார்.

இக்கதை எம்மை இவ்வளவு பற்றிக்கொண்டதற்கு ஒரு காரணமுண்டு. எம் ஊரிலே, யாம் சிறுவராய் இருந்த காலத்து, ஆலயத்திற் பாடிவந்த ஓர் அண்ணன் இருந்தார். கடையொன்றிற் கணக்கெழுதுவது அவர் தொழில். கிறிஸ்துமஸ் கீதபவனியில் அவர் குரல் தெருமுனையில் வரும்போதே எங்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள். ஓராண்டு கடைப்பணம் குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது. வேலை போயிற்று. சில மாதங்கள் கழித்து எடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்தது. தெரிந்த பின்னும் அவரிடம் சென்று, “தம்பி, தவறு எங்களுடையது” என்று சொன்னவர் எவருமில்லை. எல்லாரும் முன்போல் நலம் விசாரித்தனர், அவ்வளவே. அவர் ஆலயத்திற்கு வந்தார், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார், பாடவில்லை. எங்கள் தந்தையார் ஒருமுறை, “ஏன் ஐயா, இந்த வருஷமாவது பாடக் கூடாதா?” என்று கேட்டதும் அவர் சிரித்ததும் எமக்கு நினைவிருக்கின்றன. அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

செய்யாத குற்றத்திற்குச் சிறை சென்றவன் கதையைக் கேட்டவுடன் வேதாகமம் பயின்றோர்க்கு யோசேப்பின் நினைவு வருதல் இயல்பே. ஆதியாகமத்தின் 39ஆம் அதிகாரத்தில் போத்திபாரின் மனைவி யோசேப்பின்மேற் சுமத்தியதும் இதே பழிதான். சான்றாக அவள் காட்டியது அவன் விட்டோடிய வஸ்திரம். ஓய்வுநாட் பாடசாலையிலே இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். யோசேப்பு விடுதலையாகி எகிப்தின் அதிபதியானான் என்று மகிழ்ச்சியாய் முடிப்பர். இத்தொகுப்பைக் கேட்டபின் அவ்வதிகாரங்களை மீண்டும் எடுத்து வாசித்தோம். ஒன்று புலப்பட்டது. யோசேப்பு குற்றமற்றவன் என்று எவரும் தீர்ப்புக் கூறியதாக அங்கே எழுதப்படவில்லை. போத்திபாரின் மனைவி தன் பொய்யை ஒத்துக்கொண்டதாகவும் இல்லை. பார்வோனுக்குச் சொப்பனத்தின் பொருள் வேண்டியிருந்தது; சொல்ல வல்லவன் சிறையில் இருந்தான்; ஆகவே அழைத்தனர். அவன் பயன்பட்டமையால் விடுதலை பெற்றான். நிரபராதி என்பதனால் அன்று. பழி துடைக்கப்படாமலே அவன் பொற்சரப்பணி அணிந்தான். எம் ஊர் அண்ணனுக்குச் சொப்பனம் சொல்லத் தெரியாது.

இவ்வளவு புகழ்ந்த யாம், இக்கதையில் எமக்குள்ள மனவருத்தத்தையும் மறைத்தல் தகாது. பதின்மூன்று பாட்டுகளிலும் அப்பெண்ணுக்கென்று ஒரு பாட்டு இல்லை. அவள் சொன்னதாக அவன் சொல்லக் கேட்கிறோம். அவள் சொல்லக் கேட்டிலோம். நான்காம் பாட்டின் தலைப்பே ‘அவள் சொன்னாள்’ என்பதாயினும், சொல்லும் வாய் அவனுடையது. கதை கற்பனை, அதிற் பொய்யுரைப்பவள் அவளே என்பது ஆசிரியர் வகுத்த ஏற்பாடு, அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் உலகிலே, உண்மையாகவே இழிவுற்று அதனை வாய்விட்டுச் சொன்ன பெண்களை நம்பாமல் அனுப்பிவிடுதலே பெருவழக்காயிருக்க, பொய்ப்பழி சுமத்தும் பெண்ணின் கதை இத்துணை இனிய இசையோடு இலட்சக்கணக்கானோர் வாயிற் புகுந்தது எமக்கு உவப்பாயில்லை. யோசேப்பின் கதையை வாசிப்போர் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்தையும் உடன் வாசித்தல் வேண்டும். அங்கே தாவீதின் குமாரத்தியாகிய தாமார் மெய்யையே சொல்லி அழுகிறாள். அவளை மௌனமாயிருக்கச் சொன்னவன் அவள் சகோதரன். கோபங்கொண்டும் நியாயஞ் செய்யாதிருந்தவன் அவள் தந்தை. அவளைப் பாடினார் மிகச் சிலரே. எம் ஓய்வுநாட் பாடசாலைப் புத்தகங்களில் யோசேப்புக்கு வண்ணப்படம் உண்டு. தாமாருக்குப் பக்கமே இல்லை.

எம் அறைத்தோழர் பௌதிகம் பயில்பவர். எதனையும் நிறுத்துப் பார்க்கும் குணமுடையவர். யாம் இத்தொகுப்பைப் பாராட்டியபோது அவர் வேறொரு குற்றம் கண்டார். “கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுத்தார் என்கிறீர். இருக்கட்டும். இவ்வளவு பேர் வாங்கினார்களே, மருந்து எத்தனை பேர் வயிற்றிற் போயிற்று? தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பியிருப்பார்கள்; நீர் வேண்டுமானால் பாரும்” என்றார். விருந்துகளிலும் கடைகளிலும் அப்பாட்டை ஒலிக்கச் செய்து ஆடினோர், சாட்சிக்கூண்டில் நிற்பவன் சொல்வதைக் கேட்டா ஆடினர் என்பது அவர் கேள்வி. அவர் வாதத்திற் பாதியை யாம் ஏற்கிறோம். கேட்பவர்க்குத் துப்புதற்கும் உரிமை உண்டு. ஆயினும் முதற்றொகுப்பின் மருந்தை வாயிலிடவே பலர் மறுத்தனர் என்பதையும் அவர் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். எம் ஊர் ஆலயத்திலே பிரசங்கத்தை மறந்தோர் பலர். கீர்த்தனையை மறந்தோர் எவரையும் யாம் கண்டதில்லை. பொருளறியாது பாடிவந்த முதியவள் ஒருத்தி ஒரு துக்க நாளில் அதே கீர்த்தனையின் நடுவே சட்டென்று நின்றுவிட்டதைக் கண்டிருக்கிறோம். மருந்து வயிற்றுக்கு இறங்கச் சிலசமயம் ஆண்டுகள் செல்லும்.

தோழரின் கேள்வியைப் பிளான் பியும் தமக்குள் கேட்டிருத்தல் கூடும். இக்கதையையே ராப்பின் வாயிலாகச் சொல்லும் துணைத்தொகுப்பு ஒன்றையும் அவர் திட்டமிட்டிருந்தார். தென்கிழக்கு இலண்டனிலுள்ள பெல்மார்ஷ் சிறைச்சாலையின் பெயரால் அது வழங்கப்பட்டது. இனிய பகுதி ஒரு தட்டிலும் கடிய பகுதி மற்றொரு தட்டிலுமாகக் கதை முழுமை பெறும் என்பது ஏற்பாடு. இனிய தட்டு முன்னர் வந்தது. கடிய தட்டோ அறிவித்தபடி வெளிவரவே இல்லை. ஆகவே இன்று நம்மிடம் இருப்பது கதையின் ஒருபாதி எனலாம். சிலப்பதிகாரம் முழுமையும் கானல்வரியாகவே கிடைத்திருந்தால் எவ்வாறிருக்கும் என்று யாம் சிலசமயம் எண்ணுவதுண்டு.

அதன் பின் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலண்டனிலே டாட்டன்ஹாமில் ஒருவர் போலீசாரால் சுடப்பட்டிறந்தார். அதனையொட்டி எழுந்த கலகம் இங்கிலாந்தின் பல நகரங்களுக்குப் பரவிற்று. கடைகள் உடைக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. கலகஞ் செய்த இளைஞரைப் பத்திரிகைகள் பலவும் மனிதப் பதர் என்னும் பாங்கில் ஏசின. பள்ளியினின்று நீக்கப்பட்டு, அத்தகைய பிள்ளைகளுக்கென்றமைந்த தனிக்கூடத்திற் பயின்றவர் பிளான் பி. அவ்விளைஞரைத் தம் தெருவிலே கண்டு வளர்ந்தவர். 2012ஆம் ஆண்டு மார்ச்சில் ‘இல் மேனர்ஸ்’ என்னும் பாட்டை வெளியிட்டார். ஜெர்மானியப் பாடகர் பீட்டர் ஃபாக்ஸின் பாட்டொன்றினின்று, அதன் வாயிலாக ஷோஸ்டகோவிச்சின் 7ஆம் சிம்பனியினின்று, எடுத்த நரம்பொலி வாள்போல் வெட்டிச் செல்ல, அதன்மேல் மீண்டும் அதே வன்சொல்! கழுத்துப்பட்டையும் இல்லை, கள்ளக்குரலும் இல்லை. அவ்வாண்டே அதே பெயரில் தாமே எழுதி இயக்கிய திரைப்படத்தையும், இசைத்தொகுப்பையும் கொணர்ந்தார். தொகுப்பு முதலிடம் பெற்றது. 2006இல் அவர் இதே தெருக்களைப் பற்றி இதே குரலிற் சொன்னபோது திரும்பிப் பாராதவர் இப்போது பார்த்தனர். அவர் சொன்னது மாறவில்லை. இடையே ஒரு காதற்பாடகன் வந்து போனான். அவன் திறந்துவைத்த கதவு மூடப்படவில்லை.

எனின் இரண்டாம் தொகுப்பு வெறும் கதவுதானா? அவ்வாறு கூறவும் எம் மனம் ஒப்பவில்லை. கதவாக மட்டும் இருந்திருப்பின் அதன் பின்பகுதி அவ்வளவு இருண்டிருக்க வேண்டுவதில்லை. சிறைக்குட் சென்ற ஸ்டிரிக்லண்ட் தன் அறையினுட் பதுங்குகிறான். தன்னைக் காத்துக்கொள்ளக் கத்தி தேடி, சிறைக்குள்ளே பணமாக வழங்கும் சிகரெட்டுகளை மாற்றிக் கொடுக்கிறான். ஓர் உயிர் போகிறது. செய்யாத குற்றத்திற்காக உள்ளே வந்தவனுக்கு, உள்ளே வந்தபின் உண்மையாகவே ஒரு குற்றவுணர்ச்சி உண்டாகிறது. ஒன்பதாம் பாட்டு ‘ப்ரேயின்’, பிரார்த்தனையைக் குறித்தது. துள்ளும் தாளமும் கைகொட்டுமாகச் செல்லும் அப்பாட்டைக் கேட்பார்க்குக் கால் தானே ஆடும். ஆனால் பாடுகிறவனோ நடுங்குகிறான். நிரபராதியைச் சிறையிலிட்ட நியாயஸ்தலம் அவனைக் குற்றவாளியாக்கியே விட்டது. இக்கருத்தை வன்சொல்லில் அமைத்திருந்தால் வாதமாக நின்றிருக்கும்; இன்னிசையில் அமைத்தமையால், ஆடும் கால் சற்று வெட்கப்படுகிறது. எம் தோழர் அறையினுள்ளே தனியே அப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டோம். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. யாம் ஒன்றும் கேட்டிலோம்.

பன்னிரண்டாம் பாட்டின் தலைப்பு, எனக்கு ஒரு பாட்டுத் தெரியும் என்னும் பொருளுடையது. எல்லாம் இழந்த பாடகனிடம் எஞ்சியிருப்பது அவ்வொன்றே. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடு இராத்திரியிலே, தொழுமரத்திற் கால்கள் மாட்டப்பட்டிருக்க, பவுலும் சீலாவும் பாடியதாக அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. மற்றக் காவற்பட்டோர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனராம். எம்முடைய கவனம் எப்போதும் பின்னர் வரும் பூமியதிர்ச்சியின்மேலும் திறந்த கதவுகளின்மேலுமே செல்வது வழக்கம். கேட்டுக்கொண்டிருந்த அக்கைதிகள் யார், என்ன குற்றஞ் செய்தவர், அப்பாட்டு அவர்க்குப் பிடித்ததா என்று யாம் முன்னர் எண்ணியதில்லை. ஸ்டிரிக்லண்டின் பாட்டிற்கோ பூமி அதிரவில்லை. கதவும் திறக்கவில்லை. அவன் பாடுகிறான்.

கடைசிப் பாட்டில் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. இசை உயர்கிறது, எதிரே நியாயஸ்தலம், என்ன செய்யப் போகிறாய் என்னும் வினாவே தலைப்பு. தீர்ப்பு இன்னதென்று சொல்லாமலே தொகுப்பு முடிந்துவிடுகிறது. விடுதலை பெற்றிருப்பான் என்கிறார் எம் தோழர். அவ்வளவு ஊதுகருவிகளோடு ஒருவனை மீண்டும் சிறைக்கு அனுப்பமாட்டார்களாம். யாம் அவ்வளவு உறுதியாயில்லை. விடுதலை பெற்றாலும் அவன் முன்போல அந்த முதற்பாட்டைப் பாடுவானா என்று அவரைக் கேட்டோம். அவர் சற்று யோசித்து, தொகுப்பை மறுபடியும் முதலிலிருந்து ஒலிக்கவிட்டார்.